வெண்கண்டல் இலையில் வெள்ளைப் பொடி

எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் துடைக்காமல் தொடமாட்டார்கள். நாற்காலியில் உட்காரும் முன் ஒரு துடைப்பு, தட்டில் சோறு போடும் முன் ஒரு துடைப்பு. கொடியில் காய்ந்த துணியை உதறி, மறுபடியும் உதறித்தான் மடிப்போம். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் சன்னல் கட்டையில் விரலாலேயே கோலம் போடலாம், அங்கிருக்கும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் அவ்வளவு படியும். காலடிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து என் இடுப்பில் ஒரு துணி செருகியபடியே இருக்கிறது. அந்தத் துணியால்தான் ஒரு படத்தைக் கெடுத்துக்கொண்டேன். அதை மறுபடி வரைந்ததைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆரி வேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். கல்யாண ஜாக்கெட்டில் நூலும் மணியும் ஏறுவதற்கு முன்னால் துணியில் கோடு விழ வேண்டும். கொடி, பூ, மயில், மாங்காய் எல்லாவற்றையும் பட்டர் பேப்பரில் வரைவேன். கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துவேன். தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் துளை வழியாகப் புள்ளிகள் துணியில் இறங்கும். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தைப்பார்கள். தைத்து முடிந்ததும் மிச்சப் பொடியைத் தட்டி உதறிவிடுவார்கள். என் கோடு அத்தோடு சரி. மண்டபத்தில் எல்லாரும் நூலைத்தான் பார்ப்பார்கள். இதில் எனக்கு யார்மேலும் வருத்தமில்லை, வேலை அப்படிப்பட்டது. ஆனால் நிற்கிற மாதிரி ஒரு கோடாவது போடவேண்டும் என்று ஒரு ஆசை எப்போதும் உண்டு.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா இடுப்பு பிடித்துப் படுத்த வருஷம் அது. அன்றிலிருந்து கவலைப்படுவது எனக்கு இரண்டாவது தொழில் ஆகிவிட்டது. அடுப்பை அணைத்தேனா, தாழ்ப்பாள் போட்டேனா என்பதெல்லாம் சில்லறை. மழை வருமோ என்று கவலைப்படுவேன், வராமல் போனாலும் கவலைப்படுவேன். என் வீட்டுக்காரர் சொல்வார், ஊரில் யாருக்காவது கவலைப்பட நேரமில்லை என்றால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று.

மகளின் கல்யாண ஜாக்கெட்டுக்காக ஒரு அம்மா எங்கள் தையல்கடைக்கு வந்தார். கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். டிசைன் புத்தகத்தைப் புரட்டாமல், சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த ஒரு பூவரச இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா இருந்த நேரத்தில் போட்டது. எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் தெருமுனை மரத்தைப் பார்த்து என்றேன். அந்த இலையில் பூச்சி தின்ற ஓட்டையையும் போட்டிருந்தேன். தப்போ என்று அதைக் கையால் மறைக்கப் போனேன். அவர் அந்த ஓட்டையைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த தடவை வந்தபோது மேடம் தன் கம்ப்யூட்டரில் பழைய படங்களைக் காட்டினார். கும்பினிக் காலத்தில் இதே மெட்ராஸில் வெள்ளைக்கார டாக்டர்களுக்காக நம் ஊர் ஓவியர்கள் வரைந்த செடிகள். ஒரு தாளுக்கு ஒரு செடி. தாளை நிறைத்துக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு இலை மட்டும் புரண்டு தன் அடிப்பக்கத்தைக் காட்டும். கீழே பூவைப் பிரித்து, இதழ் தனியாக, காய் தனியாக, விதை தனியாக வைத்திருப்பார்கள். கேமரா இல்லாத காலத்தில் கடல் தாண்டி இருந்தவர்கள் இந்தப் படத்தை வைத்துத்தான் செடியைத் தெரிந்துகொண்டார்களாம். ஓரத்தில் செடியின் பெயர் இருந்தது. பல படங்களில் துரையின் பெயரும் இருந்தது. வரைந்தவரின் பெயரைத் தேடினேன், இல்லை. இவ்வளவு மெல்லிய நரம்பைப் போட்டவருக்குக் கண் என்ன ஆயிருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை. ஒரே படத்துக்குப் பல நகல் எடுக்க அவர்களும் தாளில் ஊசியால் குத்திப் பொடி தேய்த்ததுண்டு என்று மேடம் சொன்னபோது, என் கையிலிருந்த ஊசியை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பெயர் போனாலும் அவர்கள் கோடு நின்றுவிட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். எண்ணூர்க் கழிமுகத்துச் செடிகளை அந்தப் பழைய முறையிலேயே வரையவைத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய துறையில் மற்றவர்கள், எதற்கு இந்தப் பாடு, போட்டோ போட்டால் போதும் என்கிறார்கள். ஒரு படம் வரைந்து காட்டுவது, அது தேறினால் எல்லாச் செடியும் என் கைக்கு வரும், தேறாவிட்டால் கேமராதான் என்று முடிவாகியிருந்தது. முதல் செடி வெண்கண்டல். சதுப்பில் வளர்கிற அலையாத்தி மரம். பூவோடு வரைய வேண்டும், ஆடி முடிந்தால் பூ இருக்காது.

கடை மாஸ்டரிடம் பயந்து பயந்து கேட்டேன். ஆடியில் கல்யாணம் இல்லை, வேலையும் கம்மி. "போய்க்கோம்மா. ஆவணி பொறந்துச்சுன்னா உன்னச் சேரோட சேத்துக் கட்டிப் போட்டுடுவேன், ஆமா," என்றார்.

எண்ணூர்க் குப்பத்தில் என் நாத்தனார் இருக்கிறாள். கழிமுகத்து மீனை விற்பாள், விற்காததைக் கருவாடு போடுவாள். தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்துச் சேற்றில் என்னை இறக்கிக் கூட்டிப்போனாள். பென்சிலைக் குத்திவைத்த மாதிரி சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் நிமிர்ந்து நின்றன. அவற்றை மிதிக்காமல் நடப்பதே எனக்குப் பெரும்பாடு.

"இன்னா அண்ணி, கண்டலுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?" என்றாள்.

படம் வரையப் போகிறேன் என்றேன். தன் படத்தைப் போட்டால் மீனாவது கொடுப்பாளாம், இந்த மரம் என்ன கொடுக்கும் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே நல்ல பூங்கொத்தாகப் பார்த்து ஒரு கிளையை ஒடித்துத் தந்தாள். பூ சின்னது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். கிட்டே போனால் தேன் வாசனை. இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கிளையைச் சொம்பில் வைத்தேன். இடுப்புத் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்தேன். அதற்காக யோசிக்கக்கூட இல்லை. குழந்தையின் மூக்கைத் துடைப்பது மாதிரி கை தானாகப் போனது.

முதல் பென்சில் படத்தில் ஒரு தப்பு செய்தேன். இந்தச் செடியில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். ஜாக்கெட்டின் இடது கைக்குப் போட்ட டிசைனைத் திருப்பி வலது கைக்கு வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அதேபோல ஒரு இலையை வரைந்து தாளைத் திருப்பி மறு இலையை இறக்கிவிட்டேன். ஜோடியாக இருந்தாலும் எந்த இலையும் இன்னொன்று மாதிரி இல்லை என்று அப்புறம்தான் கண்ணில் பட்டது. அழித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டேன். பூவைக் குண்டூசியால் பிரித்தேன், நான்கு இதழ். புரண்ட இலையின் அடிப்பக்கம் வெளுப்பாக, மெத்தென்று இருந்தது. அதற்கு நிறம் கலக்கவே ஒரு பகல் போனது. முடித்தபோது நான்தான் வரைந்தேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்த கவலையும் உடனே வந்தது. இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதென்றால் எங்கோ ஒரு தப்பு இருக்க வேண்டும்.

மேடம் படத்தை மேசையில் வைத்து லென்ஸால் பார்த்தார். பூவைப் பார்த்துத் தலையாட்டினார். காயைப் பார்த்துத் தலையாட்டினார். இலைக்கு வந்ததும் லென்ஸ் அங்கேயே நின்றது.

"இலையில உப்பு எங்கம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். இந்த மரம் உப்புத் தண்ணீரைக் குடிக்கிறது. உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயிலில் அது இலைமேல் மணி மணியாகக் காய்ந்து நிற்கும். இந்தச் செடிக்கு முக்கியமான அடையாளம் அது. "வெள்ளையா ஒண்ணும் இல்லையா அதுல?"

"இருந்திச்சு மேடம். சாம்பல்னு நெனச்சித் தொடச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேலே வெள்ளைப் புள்ளி வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். பழைய படங்களில் சிலவற்றைத் திறந்து காட்டினார். அந்தக் காலத்து வெள்ளைச் சாயம் வைத்த இடங்கள் காலப்போக்கில் கறுத்துக் கிடந்தன. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே வெறுமையாக விட்டவை மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. உப்பு இலையில் எங்கே இருக்கும், நரம்பின் மேலா, நடுவிலா, எவ்வளவு பெரிதாக என்பது எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லையே, துடைத்துவிட்டேனே.

இப்படியே கொடுத்துவிடலாம், உப்பைப் பற்றிக் கீழே ஒரு வரி எழுதிவிடலாம் என்று மேடம் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் எதற்கும் சரி சரி என்று தலையாட்டுகிறவள். கல்லூரி, மேசை, லென்ஸ் என்றால் இன்னும் சீக்கிரம் ஆட்டுவேன். அன்றைக்கு என்னவோ தலை ஆடவில்லை.

"வேணாம் மேடம். ஆடி இன்னும் கீது. நா மறுபடி போடறேன்," என்றேன்.

மறுபடி சேற்றுக்குப் போனோம். இப்போது இலையை உற்றுப் பார்த்தால் வேறு தொல்லை. உப்பும் இருந்தது, சாம்பலும் இருந்தது. இரண்டும் கலந்து அப்பிக் கிடந்தன. எது எதுவென்று கண்ணுக்குப் பிரியவில்லை. ஒரு இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது, கூடவே பல்லில் நறநறவென்றது.

"அய்ய, அண்ணி இலைய நக்குது பாரு. வூட்ல சோறு போடறதில்லியா எங்க அண்ணன்?" என்று நாத்தனார் பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மேடத்துக்குப் போன் போட்டேன். சாம்பல் படத்தில் வரக்கூடாது என்றார். படம் அந்தச் செடிக்கு, எல்லா ஊரிலும் இருக்கிற வெண்கண்டலுக்கு. இந்த ஒரு கிளைக்கு வந்த கஷ்டத்தை அதில் போட முடியாது. சரிதான். ஆனால் சாம்பலைத் துடைத்தால் உப்பும் போகிறது. துடைக்காவிட்டால் சாம்பலும் நிற்கிறது. கரையில் உட்கார்ந்து நாத்தனாரிடம் புலம்பினேன். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"உப்பு உள்ளேர்ந்து வருதுன்ற. சாம்பலு மேலேர்ந்து வுழுது. அப்ப மூடிப் போடேன். இத நா மூடிக்கினுதான கீறேன்?"

சாம்பல் காற்று அடிக்கிற நாளில் அவர்கள் கருவாட்டின் மேல் மெல்லிசான பழைய வாயில் துணிப் புடவையை இழுத்துக் கட்டுவார்கள். காற்று போகும், வெயில் இறங்கும், தூசி நிற்கும். அவள் சொன்னது அவ்வளவுதான், எனக்கு மூச்சு வந்தது. பூவோடு இருந்த ஒரு கிளையை ஒடிக்காமல் மரத்திலேயே வைத்து நல்ல தண்ணீரால் கழுவினேன். நாலு குச்சி நட்டு அதன்மேல் என்னுடைய பழைய மஞ்சள் வாயில் புடவையைக் கூடாரமாகக் கட்டினோம். இனி அந்த இலைமேல் வருவது எதுவானாலும் அது செடி தந்தது.

அப்புறம் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. ஆடு வந்து மேயுமோ, காற்றில் பிய்யுமோ, யாராவது நல்ல புடவை என்று உருவிக்கொண்டு போவார்களோ. போன் போட்டு நாத்தனார் உயிரை எடுத்தேன். ஒருநாள் அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"ஒருத்தனும் தொடமாட்டான், வுடு. மஞ்சத் தண்ணி தெளிச்சி, குங்குமம் வெச்சி, எலுமிச்சம்பழம் ஒண்ணு கட்டி வுட்டுக்கீறேன். ஆடி மாசம், அம்மனுக்கு நேந்துக்கினு கட்டின புடவைன்னு ஜனம் கும்பிட்டுக்கினு போவுது."

எனக்குப் பகீரென்றது. பொய்க்கு அம்மனைக் கூப்பிட்டாயிற்றே. அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் போய், படம் தேறினால் கூழ் ஊற்றுகிறேன் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். இப்போது அது பொய்யில்லை, நேர்ந்துகொண்ட புடவைதான். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஊறிவந்த உப்பெல்லாம் கரைந்திருக்கும். பூவும் உதிர ஆரம்பித்திருந்தது என்று நாத்தனார் சொன்னாள். முன்பென்றால் இதோடு விட்டிருப்பேன். கவலை பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. நான் பாட்டுக்குத் தாளையும் பென்சிலையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு வெயில் திரும்பிய அன்றைக்கே கிளம்பினேன். வெயில் இன்னும் ஏறட்டும், உப்பு இன்னும் காயட்டும் என்று அன்று புடவையைப் பிரிக்காமல் திரும்பி, மறுநாளும் போனேன்.

உச்சி வெயிலில் புடவையை விலக்கினோம்.

இலைமேல் உப்பு இருந்தது. சாம்பல் மாதிரி பரவி இல்லை. தனித்தனியாக, ஓரம் கூராக, கண்ணாடித் துகள் மாதிரி நின்றது. நடு நரம்பின் மேல் அநேகமாக ஒன்றுமில்லை, நரம்புக்கு நரம்பு நடுவில் கூட்டமாக இருந்தது. தலையைச் சாய்த்தால் மின்னியது, நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளை. ஒன்றை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தேன். கரிப்பு மட்டும்தான். நறநறப்பு இல்லை. நாத்தனாரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள், இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

ஒடித்தால் கொட்டிவிடும், கைவேர்வை பட்டால் கரைந்துவிடும். அதனால் அங்கேயே நின்று வரைந்தேன். அவள் குடை பிடித்தாள். கை வலிக்கிறது, மீன் நாறப் போகிறது, அண்ணன் வந்தால் சொல்லுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பிடித்தாள், குடை மட்டும் அசையவில்லை. பட்டர் பேப்பரில் இலையின் கோட்டை எடுத்து, உப்பு நின்ற இடங்களில் மட்டும் ஊசியால் குத்தினேன். பெரிய மணிக்கு அழுத்திக் குத்து, சின்னதற்கு லேசாகக் குத்து. புள்ளி குத்துவதுதானே என் வேலை. தண்ணீர் ஏறி முழங்காலைத் தொட்டபோது முடிந்தது. கொத்தில் மீதமிருந்த பூக்கள், பிரித்து வரைவதற்குச் சரியாகப் போதுமானவையாக இருந்தன.

வீட்டில் புதுத் தாளில் துளை வழியாகப் பென்சில் தூளை மெல்லத் தட்டி இறக்கினேன். ஒவ்வொரு புள்ளியையும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பச்சை பூச வேண்டும். பூசியது காய்ந்ததும் உள்ளே இருக்கிற பென்சில் தூளைப் மாவு மாதிரி பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுத்தால் தாளின் வெள்ளை தெரியும். ஒரு புள்ளி நிறத்தில் மூழ்கினால் திரும்ப வராது. சில மூழ்கின. உட்கார்ந்து அழலாம் என்று தோன்றியபோதெல்லாம் பக்கத்துப் புள்ளிக்குப் போனேன். இடுப்புத் துணியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்படியும் கை இரண்டு மூன்று தடவை இடுப்பைத் தேடியது.

துறையில் எல்லாரும் கூடிப் பார்த்த நாளில் நான் வெளியே வராந்தாவில் இருந்தேன். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. யாரோ சிரித்தார்கள். என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் அதையேதான் நினைத்துக்கொண்டேன். படம் தேறவில்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தேன். அடுத்த ஆனியில் மறுபடி பூக்கும், மறுபடி புடவை கட்டுவேன் என்று பதில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது கவலை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி வெளிச்சத்துக்குப் போனாராம். கேமரா பேச்சு முடிந்தது என்றார். கூழுக்குக் கேழ்வரகு வாங்க வேண்டும், ஆவணிக்குள் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று மண்டைக்குள் வரிசை கட்டி நின்றன. அவர் அதற்குள் அடுத்த செடியைச் சொன்னார். உமரி. உப்பளத்து ஓரத்தில் தரையோடு படர்கிறது. அதன் பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

"இதுல எதத் தொடைக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடுங்க மேடம்," என்றேன்.

"எனக்கும் முழுசாத் தெரியாது. போய்ப் பார்க்கணும்."

தண்ணீர் அடுத்து எப்போது வற்றும் என்று கேட்க நாத்தனாருக்குப் போன் போட்டேன். கிளம்பும்போது வழக்கம்போல இடுப்பில் துணி செருகியிருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது கவனித்தேன். உள்ளே திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.